எச்.ஐ.வி. நிதியை யார் பங்கு பிரிப்பது? திருப்பூர்த் தம்பிக்கு ஒரு பதில்

திருப்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளவர்களே குழுவில் உட்கார்ந்து, வருகிற பணத்தில் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறார்களாமே? நம் பக்கம் திருநங்கைகள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், லாரிக்காரர் வீட்டுப் பெண்கள் மாதிரி சின்னச் சின்னக் கூட்டங்களுக்கு அப்படி ஏற்பாடு உண்டா? இல்லையென்றால் நாமே செய்துகொள்ள முடியுமா?"

பாதி உண்டு, பாதி இல்லை தம்பி. இல்லாத பாதியில் கொஞ்சத்தை நம் மாவட்டங்களிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன சின்னக் கூட்டங்களைச் சிறுபான்மை என்றும் சொல்வார்கள். சிறுபான்மை என்றால் நம் ஊரில் மதத்தைத்தான் நினைப்பார்கள். இந்தப் பேச்சில் அது வேறு. எண்ணிக்கையில் சிறியவர்கள், அல்லது எண்ணவே படாமல் போகிறவர்கள். திருநங்கைகள், ஆணோடு உறவுள்ள ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள், கொல்லிமலை மாதிரி மலைமேல் இருப்பவர்கள். இவர்களோடு நான் எப்போதும் சேர்த்துச் சொல்லும் இன்னொரு கூட்டம், கணவனை இழந்த லாரிக்காரர் மனைவிகள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. திட்டக் காகிதத்தில்தான் குறைவு.

அமெரிக்க ஏற்பாடு எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். இண்டியானா மாநிலத்தில் ரையன் வைட் என்று ஒரு பையன். ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோய்க்கு ஏற்றிய ரத்தப் பொருள் வழியாக அவனுக்குத் தொற்று வந்தது. பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்க மறுத்தது, குடும்பம் வழக்காடியது. 1990 ஏப்ரலில், 18 வயதில் இறந்துபோனான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 'பகுதி ஏ' என்னும் பிரிவில் தொற்று அதிகமுள்ள பெருநகரங்களுக்குப் பணம் போகிறது. அங்கேதான் நீங்கள் கேள்விப்பட்ட திட்டக்குழு இருக்கிறது. அதில் குறைந்தது 33 சதவீதம் பேர் அந்தச் சேவையைப் பெறுகிறவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் பணம் வாங்கும் எந்த நிறுவனத்தோடும் தொடர்பு இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் குழு மருத்துவருக்கு இவ்வளவு, பல் சிகிச்சைக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும். ஆனால் எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது என்பதில் அது தலையிடக்கூடாது. அதை நகர நிர்வாகம் தனியாகப் பார்த்துக்கொள்ளும். 2006-ல் வந்த திருத்தத்தின்படி 75 சதவீதமாவது மருத்துவத்துக்குப் போக வேண்டும், மிச்சத்தைத்தான் துணைச் சேவைகளுக்கு வைக்கலாம். பணம் களத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. இந்தக் கடைசி வேலை இங்கே யாரிடமும் இல்லையே என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஏக்கம்.

அப்படியொரு ஏற்பாடு இருந்தும் எட்டு வருஷத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது. கறுப்பினத்தவர் அந்த நாட்டு மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் 1998 வாக்கில் புதிதாகப் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள். பொதுவான திட்டம் பொதுவானவர்களைத்தான் எட்டியிருக்கிறது. கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவசரநிலையாகப் பார்க்கச் சொல்லிக் குரல் கொடுத்த பிறகு, சிறுபான்மை இனத்தவருக்கென்று 1999 நிதியாண்டில் 15.6 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள். 2006-ல் அதையும் ரையன் வைட் சட்டத்துக்குள் சேர்த்தார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம்.

இந்தியாவில் முதல் தொற்றுகள் தெரியவந்தது 1986-ல், சென்னையில். 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. மாநில அளவில் தனிச் சங்கமாகப் பதிவு செய்து இந்த வேலையைத் தொடங்கியதில் தமிழ்நாடுதான் முதல், 1994-ல். 2021-ல் தொடங்கியது தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம். 2026 வரைக்கும் அதற்கு 15,471.94 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் பணம். இதில் நல்லதும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. மாநிலக் கஜானா காலி என்பதால் மருந்து நின்றுபோகாது என்பது நல்லது. சிக்கல் என்னவென்றால், 60 பேருக்கு ஒரு சக கல்வியாளர் (அதே கூட்டத்திலிருந்து வந்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவர்), இத்தனை பேருக்கு ஒரு களப்பணியாளர், அவர்களுக்கு இவ்வளவு மதிப்பூதியம் என்று கணக்கெல்லாம் டெல்லியில் எழுதப்பட்டு வரும். நாமக்கல்லிலோ திருப்பூரிலோ உட்கார்ந்து ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குக் காசை மாற்ற முடியாது.

மருந்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது நாட்டிலேயே எட்டு அரசு மருத்துவமனைகளில்தான் கிடைத்தது, அதில் தாம்பரம் ஒன்று. நம் பக்கத்து ஆட்கள் ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போய் வந்த காலம் அது. இப்போது மாவட்டத் தலைநகரிலேயே இந்த மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டர் இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து, தொற்று உறுதியானால் எதிர்ப்புச் சக்தி எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்காமல் உடனே மருந்து. பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. மருந்து இலவசம்தான். மருந்து வாங்கப் போகும் நாள்தான் இலவசமில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொல்லிமலையிலிருந்து ஒரு அம்மா இரண்டு மாதம் மருந்துக்கு வரவில்லை. விட்டுப்போனவர்கள் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. நான் தேடிப் போனேன். மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு, தம்பி. அந்த அம்மா மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஏனம்மா வரலை?" என்றேன். "பஸ்ஸுக்குக் காசு இருந்தா வந்திருக்க மாட்டனுங்களா? ஒரு நாள் கூலியும் போகுதுங்க, போக வரக் காசும் போகுதுங்க. ஊட்டுல கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க" என்றார். அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் செலவழிக்க முடியாமல் பணம் கிடந்தது, விழிப்புணர்வுப் பேனர் அடிக்கிற தலைப்பில். அந்த அம்மாவின் பஸ் செலவுக்கு அதில் ஒரு ரூபாய்கூட எடுக்க வழியில்லை. நிதி வருஷத்துக் கடைசியில் அந்தப் பணம் பேனராகத்தான் ஆனது. அந்தத் தலைப்பை எழுதிய அறையில் மலையிலிருந்து இறங்கி வருகிற ஒருவர் இருந்திருந்தால் அப்படி எழுத விட்டிருப்பாரா?

நாமக்கல் கதையே இதற்குப் பெரிய சாட்சி. லாரி பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர்கள், ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று நாடு முழுக்க ஓடுகிற ஊர். கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்ததால், 'ஏ' பிரிவு என்ற அதிகத் தொற்று மாவட்டங்களில் நாமக்கல்லும் இருந்தது. அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பணத்தில், சென்னை வி.எச்.எஸ். என்ற தொண்டு மருத்துவ அமைப்பு நடத்திய ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் 1995-ல் தொடங்கியது. லாரி டிரைவர்களிடம் அது நல்ல வேலை செய்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் திட்டத்தின் கண்ணில் இருந்தது டிரைவரும் கிளீனரும். தொற்று வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி என்பதால் அவர்களைப் 'பாலம்' என்று பெயர் வைத்து எழுதினார்கள். பாலத்துக்கு அக்கரையில் வீட்டில் இருந்த பொண்டாட்டிக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. கர்ப்பமாகி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வந்தால்தான் அவள் கணக்கில் வருவாள். கணவன் செத்த பிறகு மாமனார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள், காடு தோட்டத்தில் பங்கு கேட்டு நின்றவள், இவர்களுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

நாமக்கல் பக்கத்துக்காரரான பி. கௌசல்யா, லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு தொற்றுக்கு ஆளானவர். அவர் 1998-ல் மற்ற சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் 'பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். அழைப்பு வருமென்று காத்திராமல் தங்களுக்கென்று நாற்காலி போட்டுக்கொண்ட பெண்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் விதவைகள், குழந்தைகள் பற்றிய பேச்சு மாநில அளவில் வலுத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி அறக்கட்டளை இருக்கிறது. உங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு அதிலிருந்து கல்வி உதவி வருகிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு விண்ணப்பிக்கவே ஆள் இருக்காது.

திருப்பூருக்கு வருகிறேன். அங்கே உள்ள சிக்கல் வேறு மாதிரி. சனிக்கிழமை சம்பளம், ஒன்றரை ஷிப்ட். சென்டர் திறந்திருக்கிற நேரமெல்லாம் கம்பெனியும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் மூடியிருக்கும். ஒடியா மட்டும் பேசுகிற பையனுக்குத் தமிழில் ஆலோசனை சொல்லி என்ன பயன்? தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஊருக்குப் போகும்போது மாற்றுக் கடிதம் வாங்கினால் அங்குள்ள சென்டரில் மருந்தைத் தொடரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் கம்பெனி வழியாகச் செய்தி கசிந்துவிடும் என்று அந்தப் பக்கமே போக மாட்டார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கிறது, சம்மதமில்லாமல் வெளியே சொல்வதையும் தடுக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். உங்கள் பகுதிக் கம்பெனிகளில் எத்தனை இதைச் செய்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். இது காசு கேட்காத வேலை.

திருநங்கைகள் விஷயத்தில் தமிழ்நாடு முன்னே நின்ற மாநிலம். 2008-லேயே நலவாரியம் வந்துவிட்டது, 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. ஆணோடு உறவுள்ள ஆண்களுக்கு 2018 செப்டம்பர் 6-ல் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும்வரை சட்டமே எதிராக இருந்தது. இன்றும் கல்யாணமாகி, குழந்தை குட்டியோடு, ஊரில் மரியாதையாக இருக்கிற ஆள் எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டு, பார்க் என்று இடம் பார்த்து ஆட்களை எண்ணிய பழைய முறையில் அவர் விழ மாட்டார், அவர் இருப்பது செல்போனில். எண்ணிக்கையில் விழாதவருக்கு 60 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் கிடைக்காது, ஆள் இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் எண்ணிக்கை ஏறாது. எல்லாச் சின்னக் கூட்டங்களும் மாட்டிக்கொள்கிற சுற்று இதுதான். அதனால்தான் சொல்கிறேன், பணம் கேட்பதற்கு முன்னால் எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள். அதை அந்தந்தக் கூட்டத்து ஆட்களால்தான் செய்ய முடியும்.

எப்படி? பெயர் எழுதாதீர்கள். ஊர்ப் பெயர்கூட வேண்டாம், ஒன்றியம் போதும். அவரவர் ஒரு குறியீடு வைத்துக்கொள்ளட்டும். கடந்த ஆறு மாதத்தில் மருந்து விட்டுப்போனதா, ஏன், போக வர எவ்வளவு செலவு, எந்த மொழியில் பேசினால் புரியும், எந்த நேரம் தோது. இவ்வளவுதான் கேள்வி. நாற்பது ஐம்பது பேரிடம் இப்படி வாங்கினாலே, இதுவரை யார் கையிலும் இல்லாத ஒரு காகிதம் உங்கள் கையில் இருக்கும். பெயர்ப் பட்டியல் ஒரு முறை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது, ஊர்வாயை யாரும் மூட முடியாது. இதில் மட்டும் அவசரப்படவே கூடாது.

அப்புறம் குழு. இங்கேதான் அமெரிக்க விதியைக் கடன் வாங்கச் சொல்வேன்: பணம் வாங்குகிற நிறுவனத்தின் ஆள் பங்கு பிரிக்கிற இடத்தில் ஓட்டுப் போடக்கூடாது. அரசு நிதியில் நடக்கும் தடுப்புத் திட்டங்களிலும் சமூகத்தினர் இருக்கும் குழுக்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதில் உட்காருகிறவர் அதே திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர். அவரால் எப்படி எதிர்த்துப் பேச முடியும்? நானே அப்படி வாயை மூடி உட்கார்ந்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இன்னொன்று, தொற்றுள்ளவர்களே நடத்தும் பாசிட்டிவ் சங்கங்களுக்குள்ளேயும் சாதி உண்டு. முன்வரிசையில் தோட்டம் காடு உள்ள வீட்டுப் பெண்கள், சுவரோரம் அருந்ததியர் பெண்கள். வட்டமாக உட்காரவைத்து, சுவரோரம் இருந்தவரை முதலில் பேசச் சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் முன்னுரிமைப் பட்டியலே மாறியது. சத்துமாவு கீழே போனது, பஸ் செலவும் வக்கீலும் மேலே வந்தன.

வக்கீலுக்குப் பணம் தேட வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் இலவசமாகவே கிடைக்கும்.

மற்றதற்குப் பணம் எங்கிருந்து? வெளிநாட்டுப் பணத்தை நம்பி இருக்காதீர்கள். கேட்ஸ் அறக்கட்டளையின் அவாஹன் திட்டம் 2003-ல் தொடங்கி, சில வருஷம் கழித்துப் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தபோது செலவுக் கணக்கை அரசு அளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டதும், பெரிய நிறுவனம் வாங்கிச் சின்னச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற வழி முழுதாக அடைபட்டது. ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்திய சங்கங்களுக்கு அது பெரிய அடி.

திருப்பூரில் உங்களுக்கு இருக்கிற வாய்ப்பு கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர். என்பார்கள். நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுகிற கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். மருத்துவ உதவி அதில் வரும். வாங்குகிற அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 பதிவு வைத்திருக்க வேண்டும், அதை முதலில் செய்துவையுங்கள். கேட்கும்போது அரிசி மூட்டை கேட்காதீர்கள். நம் பக்கத்தில் கொடுக்கிற கைக்குக் குறைவில்லை, ஆனால் மூட்டையோடு போட்டோ கேட்பார்கள், போட்டோ எடுத்தால் அந்தக் குடும்பம் ஊரில் இருக்க முடியாது. ஒடியாவும் இந்தியும் பேசுகிற ஒரு ஆலோசகரின் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதி நாள் சென்டர் திறந்தால் ஆகும் கூடுதல் செலவு, பயணப் படி. இந்த மூன்றையும் எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.

மாவட்ட எய்ட்ஸ் குழுவுக்கு கலெக்டர்தான் தலைவர். திங்கட்கிழமை மனுநாள் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள், அங்கே எல்லார் காதிலும் விழும். தனியாக நேரம் கேட்டு, உங்கள் குறியீட்டுக் காகிதத்தோடு மூன்று பேர் போங்கள், அதில் இரண்டு பேர் மருந்து சாப்பிடுகிறவர்களாக இருக்கட்டும், அவர்கள் விரும்பினால் மட்டும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு மாநிலம் அனுப்புகிற செயல்திட்டம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே எழுதி முடிந்துவிடும். எனவே தீபாவளிக்கு முன்னால் எண்ணி முடித்து, பொங்கலுக்கு முன்னால் காகிதம் கலெக்டர் மேசையில் இருக்கும்படி பாருங்கள்.

முதல் கூட்டத்தை ஞாயிறு மத்தியானம், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வையுங்கள். வாசலில் பேனர் வேண்டாம். வந்தவர்களுக்குப் போக வரக் காசை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள், வவுச்சரில் "கூட்டப் பயணப் படி" என்று மட்டும் எழுதி, குறியீட்டில் கையெழுத்து வாங்குங்கள். கணக்குப் பார்க்கிறவர் ஒத்துக்கொள்வாரா என்று முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். எங்கள் ஆடிட்டர் முதலில் மறுத்தார், காரணத்தைச் சொன்ன பிறகு அந்தப் படிவத்தை அவரே தயாரித்துக் கொடுத்தார்.